ஏழு ரூபிள்

காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில்
பூட்டிய செருப்புக்கடை வாசலில்
நீலத் தார்ப்பாய் விரித்து
பழைய சார்ஜர்கள், சாவி தொலைந்த பித்தளைப் பூட்டுகள்,
கை உடைந்த மாதா சுரூபம்,
இவற்றுக்கு நடுவே ஒரு பிஸ்கட் டப்பாவில்
ஏழு வெள்ளி ரூபிள் வைத்திருந்தான் புருஷோத்து.

'கோட்டக்குப்பத்துல ரூம் எடுத்திருந்த
ரஷ்யாக்காரம்மா வாடகைக்குப் பதிலா குடுத்தது.
எல்லாமே ஒரிஜினல், மேடம்.'
போன மாதம் வாடகை கொடுக்க முடியாமல் போனவர்
ஒரு பிரெஞ்சுக்காரர்.
அப்போது டப்பாவில் இருந்தவை கைக்கடிகாரங்கள்.

ஏழிலும் அதே தாடிக்கார ராஜா,
இடப்பக்கம் எதையோ பார்த்தபடி.
இருநூறு முன்பணம் கொடுத்து
ஒரு வாரத்துக்கு வாங்கிப்போனேன்.

நெல்லித்தோப்பில் பல் செய்கிறவள் நான்.
டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் அச்சிலிருந்து
மெழுகில் செதுக்கி, உலோகம் உருக்கி ஊற்றி
பதினாறு வருடமாகப் பொய்ப்பல் செய்கிறேன்.
ஊற்றிய உலோகம்
எந்த இடத்தில் உளறும் என்று தெரியும்.

முதலில் காந்தம்.
மூன்று தாவி ஒட்டிக்கொண்டன.
வெள்ளிக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

பீங்கான் பொடி நிறுக்கும் தராசில்
இருபது கிராம் காட்டவேண்டும்.
ஒன்று பதினேழிலேயே நின்றுவிட்டது.
அதன் விளிம்பில் நகத்தை ஓட்டினால்
சுற்றிலும் ஒரு தையல்.
இரண்டு பாதி அச்சு சந்தித்த இடம்.

மிச்சம் மூன்று. எடை சரி, நிறமும் சரி.
லென்ஸுக்குக் கீழே
இரண்டு ராஜாக்களின் தாடியில்
முடிக்கும் முடிக்கும் நடுவே
ஊசிமுனைக் குழிகள்.
காற்று வெளியேற வழி விடாத வார்ப்பு;
என் முதல் வருடத்துப் பற்கள் இப்படித்தான் இருந்தன.
அடித்த காசில் வெள்ளி
விளிம்புவரை ஓடிப்போய் நிற்கும்.
ஊற்றிய காசில்
வந்த இடத்திலேயே உட்கார்ந்து உறைந்துவிடும்.

ஆனாலும் குழிகளை மன்னித்திருப்பேன்.
காதுக்குக் கீழே ஒரு வெட்டு இருந்தது.
இரண்டிலும்.
அதே நீளம், அதே சாய்வு.

நானும் என் தமக்கையும் இரட்டை.
அம்மாவே பெயர் மாற்றிக் கூப்பிட்டிருக்கிறாள்.
உப்பளம் மைதானத்தில் சைக்கிளோடு விழுந்த தழும்பு
என் முழங்காலில் மட்டும்தான் இருக்கிறது.

ஏழாவது அழகாக இல்லை.
ஒரு பக்கம் கறுத்து, ராஜாவுக்குப் புருவம் தேய்ந்து.
விளிம்பில் உள்ளே பதிந்த எழுத்துகள்.
ரஷ்ய மொழி தெரியாது,
படத்தோடு ஒவ்வொன்றாய் ஒப்பிட்டேன்:
சுத்த வெள்ளி, நாலு சொலொத்னிக், இருபத்தொரு தோல்யா.
நம் மஞ்சாடி, குன்றிமணி மாதிரி ஏதோ கணக்கு.
நாலுக்குப் பக்கத்தில்
அரம் வைத்து ராவிய ஒரு பள்ளம்.
யாரோ, ஏதோ ஒரு சந்தையில்,
இதையும் நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு
நான் வாய் திறப்பதற்குள் கையை உயர்த்தினான்.
'சொல்லாதீங்க மேடம்.
எது நெஜம்னு தெரிஞ்சா
மீதி ஆறை நான் எந்த மூஞ்சியோட விப்பேன்?
தெரியாத வரைக்கும் தலா முந்நூறு.'
சிரித்தான்.
மேல்வரிசையில் இடப்பக்கம் இரண்டாவது பல்
நான் செய்தது. டாக்டர் அவசரப்படுத்தியதால்
நிறம் ஒரு படி வெளுத்துவிட்டது.
அவனுக்கு என்னைத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

கைப்பையில் முந்நூறு
தனியாக மடித்து வைத்திருந்தேன்.

காசுகளை டப்பாவில் ஒவ்வொன்றாய்ப் போட்டேன்.
ஆறும் தகரத்தில் தகரமாய் விழுந்தன.
ஏழாவது விழுந்த பிறகும்
கொஞ்ச நேரம்
விழுந்துகொண்டே இருந்தது.

சார்ஜருக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தவன்
பாதியில் நிறுத்தினான்.
டப்பாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

'தலா முந்நூறுதானே?' என்றேன்.

பதில் இல்லை.
நாக்கின் நுனியால்
அந்தப் பல்லை நெருடிக்கொண்டு நின்றான்.